பாவாடைக் கயிற்றுத் தழும்பு

எனக்கு இன்சுலின் போட ஆரம்பித்து இருபத்தொரு வருஷம் ஆகிறது. மாத்திரைக்கு அடங்குகிற சர்க்கரை இல்லை என்னுடையது. பத்தொன்பது வயதில் வந்தது. ஊசி இல்லாமல் இரண்டு நாள் தள்ள முடியாது. இதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் இரக்கத்தில் தொங்கிப்போகும். அந்த முகத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். "சின்ன வயசுலயேவா!" என்று ஒருத்தி உச்சுக்கொட்டினால், "ஆமாங்க, உங்களுக்கு மூட்டுவலி எப்ப வந்துது?" என்று கேட்டுவிடுவேன். வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கியாகிவிட்டது. இனி அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, தென்மலையைப் பார்த்தபடி எங்களுக்கு மூன்றரை ஏக்கர் நெல்வயல் இருக்கிறது. வீட்டுக்காரருக்குப் பாலக்காட்டில் ஆபீஸ் வேலை. காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் மாமனார் படுத்த படுக்கையானபோது வயலைப் பார்க்க ஆளில்லை. சும்மா ஒரு போகம் பார்ப்போம் என்று இறங்கினேன். அதற்குப் பிறகு கரையேறவில்லை. விதை எடுப்பதிலிருந்து கொள்முதலுக்கு நெல் ஏற்றுவது வரைக்கும் என் பொறுப்புதான். அந்த வயலில் நிற்கும்போது நான் நோயாளி என்பது எனக்கே மறந்துபோகும். அதனால்தான் அது எனக்கு அவ்வளவு முக்கியம்.

இன்சுலினுக்கு இதுதான் அளவு என்று ஒன்று கிடையாது. இதை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை, வயல்தான் சொல்லித் தந்தது. களையெடுக்கிற நாளில் இரண்டு யூனிட் குறைக்க வேண்டும். சும்மா வரப்பில் குடை பிடித்து நிற்கிற நாளில் குறைத்தால் ஏறிவிடும். மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்னால் என்ன சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறும்; வந்த அன்றைக்கே இறங்கும். காய்ச்சல் என்றால் கஞ்சித்தண்ணீர்தான் உள்ளே போயிருக்கும், ஆனால் உடம்பு வழக்கத்தைவிட அதிக மருந்து கேட்கும். கல்யாணத்தில் சத்யை என்கிற இலைச் சாப்பாட்டில் இரண்டு பாயசமும் வேண்டும் என்றால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றுக்குக்கூட என் உடம்பு ஒரு யூனிட் கூடுதலாகக் கேட்கும் என்று நான் அடித்துச் சொல்வேன். வீட்டுக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

ஊசி போடுவதிலும் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. சேலை கட்டியவளுக்கு இடது இடுப்பு ஒரு வசதி. முந்தானையைத் தூக்க வேண்டாம், கொசுவத்தை அவிழ்க்க வேண்டாம். சேலைக் கட்டை இரண்டு விரலால் லேசாகக் கீழே தள்ளினால் போதும், இடம் கைக்கு வந்துவிடும். இன்சுலின் பேனாவை எடுத்து, அளவைத் திருகி, குத்தி, பத்து எண்ணி, மூடி போட்டுப் பையில் வைத்துவிடுவேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரி ஊறுகாய்க்குக் கை நீட்டி முடிப்பதற்குள் என் வேலை முடிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில், கோயில் மதிலோரத்தில், வரப்பில், எங்கே என்றாலும் அதே இடது இடுப்புதான்.

அந்த இடம் காலப்போக்கில் தடித்துப்போயிருந்தது. தொட்டால் மேடாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும். நான் அதைப் பாவாடைக் கயிற்றுத் தழும்பு என்று எடுத்துக்கொண்டேன். நாற்பது வயதான எந்தப் பெண்ணின் இடுப்பைப் பார்த்தாலும் கயிறு இறுக்கி இறுக்கி ஒரு தழும்பு கிடக்கும். கறுத்து, தடித்து, சில பேருக்குத் தோல் உரிந்தும் இருக்கும். யாரும் அதை டாக்டரிடம் காட்ட மாட்டார்கள். என் முடிச்சும் இடது பக்கம்தான் விழும். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போதாக்குறைக்கு, அங்கே குத்தினால் வலிப்பதும் இல்லை. வலிக்காத ஓர் இடம் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

"எடம் மாத்தி மாத்திக் குத்தறீங்கதானே?" என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். "மாத்தித்தானுங்க குத்தறேன்" என்பேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. நேற்றைக்கு ஒரு விரல் மேலே, இன்றைக்கு ஒரு விரல் கீழே. என்னைப் பொறுத்தவரை அதுதான் இடம் மாற்றுவது.

எல்லாம் குழம்ப ஆரம்பித்தது போன வருஷம் மாங்காய்க் காலத்தில். ஒரு நாள் காலையில் இரண்டு இட்லிக்கு வழக்கமான எட்டு யூனிட் போட்டேன். பத்து மணிக்கு இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. மறுநாள் அதே இட்லி, அதே எட்டு. பதினோரு மணிக்குக் கை நடுங்கி, பார்த்தால் அறுபத்துநான்கு. வயல் வேலை இல்லை, காய்ச்சல் இல்லை, மாதவிடாயும் இல்லை. இத்தனை வருஷம் நான் சேர்த்துவைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவர்கள்மேல்தான் பாயும். வீட்டுக்காரர் முதலமடையிலிருந்து ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்ததுதான் காரணம் என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு சர்க்கரை பார்க்கிற மெஷினுக்கு பேட்டரி மாற்றினேன். அது சரியாகத்தான் காட்டியது. மருந்துக்கடைக்காரர் ஃப்ரிட்ஜை அணைத்துவைக்கிறார் என்று சந்தேகப்பட்டு வேறு கடைக்கு மாறினேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்தார்? வெயிலில் மருந்து கெடுகிறதோ என்று வயலில் இருக்கிற மோட்டார் ரூமில் ஒரு மண்பானைக்குள் ஈரத்துணி சுற்றிப் பேனாவை வைத்தேன். பேனா குளுகுளுவென்று இருந்தது, சர்க்கரை மட்டும் அதன் இஷ்டத்துக்கு ஆடியது.

ஏறுகிற நாட்கள் அதிகமாக இருந்ததால் அளவைக் கூட்டினேன். எட்டு பத்தானது, பத்து பன்னிரண்டானது, ஓணம் வருவதற்குள் பதினாலில் வந்து நின்றது. கூட்டியதில் யோசனையைவிட வீம்புதான் அதிகம்.

நடுவில், மே மாசத்தில், சின்னக்கானலுக்குப் போயிருந்தோம். என் சித்தி மகள் அங்கே டீ எஸ்டேட்டில் வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் பெண் வயதுக்கு வந்ததற்குச் சீர். குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்காரரின் ஸ்வெட்டரைச் சேலைக்குமேல் போட்டுக்கொண்டு, அதைக் கழற்ற மனமில்லாமல், இரண்டு நாளும் தொடையில் ஊசி போட்டேன். இரண்டு நாளும் சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் தலை சுற்றிச் சர்க்கரை ஐம்பதுக்கு இறங்கியது. மேடு ஏறி இறங்குவதால் என்று சித்தி மகள் சொன்னாள். மலைக்காற்று என்று நான் சொன்னேன். ஊருக்குத் திரும்பியதும் மறுபடி இடுப்புக்கு வந்தேன், மறுபடி முந்நூறு. விடை கையிலேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

செப்டம்பரில் முதல் போகம் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை வீட்டுக்காரர் மத்தியானமே வந்துவிட்டார். நான் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தேனாம். அவர் பக்கத்தில் வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்து, "யாருங்க நீங்க, பூச்சிமருந்துக்காரரா? ஊட்டுல ஆம்பளைங்க இல்லீங்க, பொறகு வாங்க" என்றேனாம். மனுஷன் நடுங்கிப்போய்விட்டார். பானைக்குப் பக்கத்தில் இருந்த குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் குடிக்கவைத்து, நான் அவரை அவராக அடையாளம் காண்கிறவரைக்கும் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் காபியைக்கூடத் தொடாமல் சொன்னார்.

"இங்க பாரு புள்ள, இதுக்கு மேல என்னால முடியாது. ஆபீசுல உக்காந்துட்டு எப்ப போன் வருமோ, யாரு பண்ணுவாங்களோன்னே இருக்கறேன். நெலத்தப் பாட்டத்துக்கு விட்டுரலாம். மேக்கால வயல்காரர் கேட்டுட்டேதான் இருக்கறாரு."

பாட்டம் என்றால் குத்தகை. மேற்கு வயல்காரர் நெல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு வாழை வைப்பார். இரண்டு வருஷம் வாழை நின்ற இடத்தில் நான் திரும்ப வந்து நெல் நடுவேன் என்று நினைக்க எனக்குப் பைத்தியமா?

"நெலத்த விட்டுப்போட்டு நான் என்னங்க பண்றது? ஊட்டுல உக்காந்து டீவி பாக்கறதா?"

"உசுரோட உக்காந்து பாரு."

பதில் இல்லாவிட்டால் எனக்கு வீறாப்பு வரும்.

"செரிங்க. ரெண்டாம் போகத்து நடவு வருது. நடவுல நான் ஒருக்கா விழுந்தா நானே அவரக் கூப்பிட்டுப் பாட்டத்துக்கு விட்டுப்போடறேன். விழுகலீன்னா இந்தப் பேச்ச நீங்க இனி எடுக்கப்படாது."

அவர், "சொன்னா சொன்னதுதானே?" என்றார். "சொன்னா சொன்னதுதானுங்க" என்றேன்.

அக்டோபரில் அணைத் தண்ணீர் வாய்க்காலில் வந்தது. எங்கள் பக்கத்தில் இப்போது பாதி வயல்களில் வங்காளத்து ஆட்கள்தான் நடுகிறார்கள். எனக்கு இன்னும் பதினோரு பெண்கள் வருகிறார்கள். அவர்களை நடத்திக் கூட்டிவருகிறவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். நிலத்துக்காரி வரப்பில் நிற்பதுதான் வழக்கம். எனக்கு வரப்பில் நிற்பது ஆகாது. நானும் இறங்கி நடுவேன். அன்று காலையில் இறங்குவதற்கு முன்னால், வீட்டுக்காரரோடு போட்ட பந்தயத்தைப் பெருமையாக அவர்களிடம் சொல்லவும் செய்தேன்.

சேற்றில் இறங்குகிற பெண்கள் சேலைக்குமேல் ஆண்பிள்ளைச் சட்டை மாட்டிக்கொள்வார்கள். வெயிலுக்கும் நல்லது, முந்தானை சேற்றில் விழாது. நானும் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டி, அது நீளமாக இருந்ததால் இடுப்பைச் சுற்றித் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தேன். சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகியிருந்தேன். பத்து மணிக்குக் கஞ்சி வந்தது. வாய்க்காலில் கை கழுவிவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். துண்டு நனைந்து முடிச்சு இறுகிக் கிடந்தது. அதை அவிழ்த்து, சட்டையைத் தூக்கி, இடுப்பைத் தேடி... யாரால் முடியும்? தொடை கைக்கு வாட்டமாக இருந்தது. நடவு நாளுக்கு வழக்கம்போல் இரண்டைக் குறைத்துப் பன்னிரண்டு யூனிட் வைத்துத் தொடையில் குத்தினேன்.

சுருக்கென்று வலித்தது. ஊசி வலித்து எத்தனையோ காலமாகியிருந்தது. "வயசாகுதாட்டமிருக்குது" என்று நினைத்துக்கொண்டு கஞ்சியும் பயறும் சாப்பிட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதுதான். முக்கால் மணி நேரம் ஒழுங்காக நட்டேனாம். பிறகு திரும்பி நின்று, நட்டதையெல்லாம் வரிசையாகப் பிடுங்க ஆரம்பித்தேனாம். பெண்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள். "அம்மிணிக்கு நாத்து மேல என்ன கோவமோ" என்று ஒருத்தி கேட்டதற்கு, "இதெல்லாம் களை, கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு?" என்று அதட்டினேனாம். பெரியக்கா மட்டும் சிரிக்காமல் கிட்டே வந்து பார்த்திருக்கிறாள். தூறலில் எல்லார் முகமும் நனைந்துதான் இருந்தது. என் முகம் மட்டும் வெளுத்திருந்தது என்று பிறகு சொன்னாள். அவள் என் தோளைத் தொடுவதற்குள் நான் முழங்கால் மடங்கிப் பக்கவாட்டில் சேற்றில் விழுந்துவிட்டேன்.

எனக்கு நினைவிருப்பது அந்தக் கருப்பட்டி. "சக்கரைக்காரிக்கு இனிப்பக் குடுக்கறீங்களே, என்னக் கொல்லவா பாக்கறீங்க?" என்று கத்தியது நினைவிருக்கிறது. பெரியக்கா ஒரு கையால் என் தலையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் கருப்பட்டித் துண்டை என் வாய்க்குள் தள்ளினாள். நான் அவள் விரலைக் கடித்தேன். அவள் விரலை எடுக்கவில்லை. அப்புறம் பால் சேர்க்காத இனிப்பான கட்டன் சாயா, மிடறு மிடறாக. தெளிவு வந்ததும் மெஷினைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் நாற்பத்தொன்று. கால் மணி நேரம் கழித்து இன்னொரு துண்டு கருப்பட்டிக்குப் பிறகு எழுபத்தெட்டு.

பெண்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். பெரியக்கா விரலை வாய்க்காலில் நனைத்துக்கொண்டே சொன்னாள்.

"யாரும் வாயத் தொறக்க மாட்டோம் அம்மிணி. சார் கேட்டா நட்டோம், ஊட்டுக்குப் போனோம். அவ்வளவுதான்."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மோட்டார் ரூமில் பாயைப் போட்டு என்னைப் படுக்கவைத்துவிட்டு, நான் பிடுங்கி எறிந்த இடத்தை அவர்களே மறுபடி நட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"எப்பிடிப் போச்சு?"

"முடிஞ்சுதுங்க. ஒரு தொந்தரவும் இல்ல."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பரவால்லடி, ஜெயிச்சுட்ட" என்று சிரித்தார். வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். எதற்காகவும் வெட்கப்பட்டதில்லை. அன்றைக்கு அவர் சிரித்தபோது வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்கம் ஒரு பக்கம் இருக்க, மூளை ஒரு பக்கம் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. மறுநாள் வயலைச் சுற்றி வரும்போது வடமேற்கு மூலையில் நின்றேன். டிராக்டர் திரும்புகிற மூலை அது. சக்கரம் ஏறி ஏறி மண் இறுகிப்போன இடம். அங்கே போடுகிற உரம் சில சமயம் அப்படியே மேலே கிடக்கும். ஒரு மழை பெய்தால் மொத்தமாகக் கரைந்து பக்கத்துப் பயிரைக் கருக்கிவிடும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் கை தானாக இடது இடுப்புக்குப் போயிற்று. சின்னக்கானலில் ஸ்வெட்டர், தொடை, ஐம்பது. நேற்று சட்டை, தொடை, நாற்பத்தொன்று. இடுப்பில் குத்தினால் முந்நூறு, இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் அறுபது. வரப்பிலேயே உட்கார்ந்து சேலைக் கட்டைத் தளர்த்தி அந்தத் தழும்பை முதல்முறையாக அழுத்திப் பார்த்தேன். கயிறு போகிற கோட்டுக்குக் கீழே, பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மேடு. கயிறு அங்கே பட வழியே இல்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசிமருந்து கொடுக்கிற சிஸ்டர் மலையாளி. எனக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுவாள்.

"சிஸ்டர், இது என்னன்னு பாருங்க."

"சேச்சி எப்பவும் இவிடெ, இதே எடத்துலயா குத்தாறு?"

"ஆமா. இருபத்தொரு வருசமா."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என்றெ சேச்சி! இது கட்டியாக்கும். ஒரே எடத்துல குத்திக் குத்தி உள்ள கொழுப்பு தடிச்சுப் போயி. இதுக்குள்ள போற மருந்து ஒரு நாள் சும்மா கெடக்கும், ஒரு நாள் நேரம் கெட்ட நேரத்துல எறங்கும். அதான் சேச்சிக்குக் கணக்கு கிட்டாதது. மாத்திக் குத்தறேன்னு டாக்டர்ட்ட பறஞ்சது யாரு?"

"நாந்தான்."

"நல்லா இருக்கு!"

டாக்டரிடம் அவளே கூட்டிப்போய் எல்லாவற்றையும் போட்டுக்கொடுத்தாள். அவர் வயிறு, தொடை, கை என்று படம் வரைந்து இடம் பிரித்துக் கொடுத்தார். பழைய அளவோடு புது இடத்துக்குப் போனால் நேற்று முன்தினம் மாதிரிதான் ஆகும் என்று அளவை வெகுவாகக் குறைத்து எழுதினார். இரண்டு மூன்று வாரத்துக்கு அடிக்கடி சோதித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அந்த மேட்டின் பக்கம் இனி ஊசி போகவே கூடாது, மாதக்கணக்கில் விட்டால் கரையலாம் என்றார். திட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷம் பொங்கியது. என் உடம்புக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. நான் வயலில் கற்றதெல்லாம் சரிதான். மருந்து ஊற்றிய இடம்தான் தப்பு. மருந்துக்கடைக்காரரை நினைத்துக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. அன்றைக்கே பழைய கடைக்குத் திரும்பிப் போய் ஊசி முனை வாங்கினேன்.

ஆனால் இந்தச் சந்தோஷத்தை வீட்டில் சொல்ல வேண்டுமென்றால் சேற்றில் விழுந்ததையும் சொல்லியாக வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டாவது தோசையை அவர் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"நடவன்னைக்கு நான் விழுந்துட்டனுங்க."

அவர் கை நின்றது. நான் எதையும் விடாமல் சொன்னேன். நாற்றைப் பிடுங்கியது, பெரியக்கா விரல், யாரும் சொல்லாமல் இருக்க நான் ஒத்துக்கொண்டது, ஆஸ்பத்திரி எல்லாம். கடைசியில் அவர் இடது கையை எடுத்து என் இடுப்பில் வைத்தேன்.

"இதுதானுங்க அது."

அவர் விரல் அந்த மேட்டில் நின்றது. சாதாரணமாகச் சொன்னார்.

"இதா? இது எப்பவும் இருக்கறதுதானே."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எப்ப இருந்துங்க உங்களுக்குத் தெரியும்?"

"ஏழெட்டு வருசமிருக்கும். பாவாடக் கயித்துத் தழும்புன்னு நெனச்சேன் புள்ள."

எனக்கு உடனே சண்டை போட வேண்டும் போலிருந்தது. ஆனால் எந்த முகத்தோடு? நானும் அதைத்தானே நினைத்தேன். தோசை ஆறிப்போனது. அவர் கையை எடுக்கவே இல்லை. "கைக்குக் கீழயே இருந்திருக்குது" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் கண் கலங்கியதை எங்கள் பதினேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

அதற்காக நான் கொடுத்த வாக்கு மாறிவிடாது. கட்டியால் விழுந்தாலும் விழுந்தது விழுந்ததுதான். "மேக்கால வயல்காரர வரச் சொல்லுங்க. நான் சொன்னா சொன்னதுதான்" என்றேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் போன் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேற்கு வயல்காரர் வெள்ளை வேட்டியில் வந்து உட்கார்ந்தார். ஏற்கெனவே வாழைக்கன்றுக்குச் சொல்லிவைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. டீ போட்டேன். கோபத்தில் அவர் டம்ளரில் சர்க்கரை போடவில்லை, மறந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றேன். என் வயலை நானே கொடுக்கப் போகிறேன்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"கோச்சுக்காதீங்க. போன்ல சொன்னா மரியாதையா இருக்காதுன்னுதான் வரச் சொன்னேன். நெலத்தப் பாட்டத்துக்கு விடறாப்புல இல்லீங்க. அவளே பாத்துக்குவா."

மேற்கு வயல்காரர் சர்க்கரையில்லாத டீயை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, வெயில் மழை என்று ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் நான் சண்டைக்குப் போனேன்.

"வாக்குக் குடுத்தது நானு. நீங்க எப்பிடிங்க மாத்தலாம்?"

"நீ விழுந்ததுக்கு நான் பயப்படல. அன்னைக்குச் சாயந்தரம் எம் மூஞ்சியப் பாத்து ஒண்ணுமில்லைன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் பயப்படறேன். இனிமே விழுந்தா சொல்லு. விழுகறதுக்கு முன்னாடியே சொல்லு. மறச்சயின்னா, அன்னைக்குப் பாட்டம்."

மீந்த டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இந்த முறை வீறாப்பு வரவில்லை.

அந்தப் போகம் நன்றாக விளைந்தது. நான் பிடுங்கி எறிந்து அவர்கள் மறுபடி நட்ட இடம் எது என்று அறுப்புக்கு முன்னால் தேடிப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. பெரியக்கா விரலில் மட்டும் ஒரு வடு நின்றுவிட்டது. யார் வந்தாலும், "எங்க அம்மிணி கடிச்ச கடி" என்று காட்டுகிறாள். பந்தியில் இப்போது என்னால் கண்மூடித் திறப்பதற்குள் ஊசி போட முடிவதில்லை. எழுந்து ஓர் அறை தேட வேண்டும், கதவைச் சாத்த வேண்டும். அந்த மேடு பாதி கரைந்திருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு மறுபடி எட்டு யூனிட்டில் நிற்கிறேன். அது நாளைக்கு ஆறாகலாம், பத்தாகலாம். மழை, வேலை, மாதவிடாய், காற்று என்று உடம்பு தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். கேட்கட்டும். என்னால் ஈடுகொடுக்க முடியும்.

போன வாரம் களையெடுப்பு. நடு வயலில் உதடு மரத்தது. மெஷினை எடுத்துப் பார்த்தேன். கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்டு போன் செய்தேன்.

"ஏனுங்க, அறுவத்திரெண்டு. வாயில கருப்பட்டி இருக்குது."

ஆபீஸில் பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. அவர் குரல் நிதானமாக இருந்தது.

"எங்க குத்துன?"

"வலது தொடைங்க."

"செரி. உக்காந்துட்டியா?"

உட்கார்ந்துவிட்டேன் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லீங்க, நின்னுட்டுத்தான் இருக்கறேன். இப்ப உக்கார்றேன்" என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல் வரப்பில் உட்கார்ந்தேன்.